ஆறு மாதத் தென்கிழக்காசியப் பயணம்: கிளம்பும் முன் ஊரிலேயே முடிக்க வேண்டியவை

வேலையை விட்டுவிட்டு டிசம்பரில் கிளம்பி, மலேசியா, தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், கம்போடியா, இந்தோனேசியா ஆகிய ஆறு நாடுகளையும் ஆறு மாதத்தில் முதுகுப்பையோடு சுற்றி வர விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். ஊர் மதுரை, சைவ உணவுக்காரர், வெளிநாடு போவது இதுவே முதல் முறை, 65 லிட்டர் பை ஒன்றையும் வாங்கிவிட்டீர்கள். அந்தப் பையில் என்னென்ன எடுத்து வைக்க வேண்டும் என்பது உங்கள் கேள்வி. அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் பைக்குள் எதை மறந்தாலும் பினாங்கிலோ பாங்காக்கிலோ கடைக்குப் போய் வாங்கிக்கொள்ள முடியும். கடவுச்சீட்டில் உள்ள பெயர்க் குழப்பம், தவணை தவணையாகப் போட வேண்டிய தடுப்பூசி, வங்கிக் கணக்கில் இணைந்த கைப்பேசி எண், இந்தியாவிலிருந்து கிளம்பும் முன் மட்டுமே வாங்கக்கூடிய காப்பீடு ஆகியவற்றை லாவோஸின் லுவாங் பிரபாங்கில் உட்கார்ந்துகொண்டு சரிசெய்ய முடியாது. ஆகவே ஊரில் இருக்கும்போது மட்டுமே செய்யக்கூடியவற்றுக்கு முதல் மூன்று மாதங்களையும், மற்றவற்றுக்குக் கடைசி இரண்டு வாரங்களையும் கொடுங்கள். டிசம்பர் பயணத்துக்கு ஆகஸ்டு இறுதியில் வேலையைத் தொடங்கினால் போதுமான அவகாசம் இருக்கும்.

கடவுச்சீட்டிலிருந்து தொடங்குவோம். நீங்கள் போகும் பெரும்பாலான நாடுகள், உள்ளே நுழையும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதமாவது கடவுச்சீட்டு செல்லுபடியாக வேண்டும் என்று கேட்கின்றன. கடைசி நாடான இந்தோனேசியாவுக்கு மே மாதம் போவதாக இருந்தால், அந்த ஆண்டு நவம்பர் தாண்டியும் அது செல்லுபடியாக வேண்டும். ஆகஸ்டில் பார்க்கும்போது ஒன்றேகால் ஆண்டுக்கும் குறைவாகவே காலம் மீதமிருந்தால் இப்போதே புதுப்பித்துவிடுங்கள். புதுப்பிக்கும்போது 36 பக்கப் புத்தகத்துக்குப் பதிலாக 60 பக்கப் புத்தகம் கேட்கலாம். லாவோஸ், கம்போடியா போன்ற நாடுகளில் எல்லையில் வாங்கும் விசா முழுப் பக்கத்தை எடுத்துக்கொள்ளும் என்பதால் அது பயன்படும்.

தமிழ்நாட்டவர் தனியாகக் கவனிக்க வேண்டியது பெயர். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்று கிடையாது. சிலருடைய கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இடம் வெறுமையாக இருக்கும். சிலருக்குத் தந்தையின் பெயர் அந்த இடத்தில் இருக்கும். இன்னும் சிலருக்கு முதலெழுத்து மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். விமானச் சீட்டு, இணைய விசா, வருகைப் படிவம் என ஒவ்வொன்றும் பெயரை இரண்டு பெட்டிகளில் கேட்கும். ஒன்றில் ஒருவிதமாகவும் இன்னொன்றில் வேறுவிதமாகவும் எழுதினால், விமான நிறுவனத்தின் முகப்பிலேயே தடுத்து நிறுத்தப்படலாம். கடவுச்சீட்டின் படப் பக்கத்தில், கீழே அம்புக்குறிகளுடன் அச்சாகியிருக்கும் இரண்டு வரிகளை எடுத்துப் பாருங்கள். இயந்திரம் படிப்பது அதைத்தான். அங்கே பெயர் எப்படி இருக்கிறதோ அதே வரிசையில் எல்லாப் படிவங்களிலும் எழுதுங்கள். ஒற்றைப் பெயர் மட்டுமே இருந்தால், இரண்டாவது பெட்டியில் என்ன போட வேண்டும் என்பதை அந்தந்த விமான நிறுவனத்திடமும் விசாத் தளத்திலும் முன்கூட்டியே கேட்டு, கிடைத்த பதிலை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் கொண்ட கடவுச்சீட்டுகளுக்குச் சுற்றுலா அனுமதி இல்லை என்று அறிவித்தபோது தென்னிந்தியர் பலர் தவித்தார்கள். நீங்கள் போகும் நாடுகளில் அத்தனை கெடுபிடி இல்லை. ஆனாலும் ஆகஸ்டிலேயே கடவுச்சீட்டு அலுவலகத்தில் பெயரைப் பிரித்துப் பதிவுசெய்துகொள்வது, இந்தப் பயணத்துக்கு மட்டுமல்லாமல் இனி வரும் எல்லாப் பயணங்களுக்கும் உதவும்.

அடுத்தது விசா. விதிகள் அடிக்கடி மாறுகின்றன என்பதால், நான் சொல்வதை ஒரு தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு நாட்டுக்கும் நுழைவதற்கு முந்தைய வாரத்தில் அந்நாட்டின் அரசுத் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களை விசா இல்லாமல் 30 நாள் தங்க அனுமதிக்கிறது. 2026 இறுதி வரை அந்தச் சலுகை நீட்டிக்கப்பட்டது. தாய்லாந்து 2023 நவம்பரில் 30 நாள் தந்து, 2024 ஜூலையில் அதை 60 நாளாக்கியது. அதன்பின் குறைப்பது பற்றிய பேச்சும் எழுந்தது. ஆகவே 30 நாளை மட்டுமே நம்பித் திட்டமிடுங்கள். கூடுதலாகக் கிடைத்தால் அதை நல்வாய்ப்பாகக் கொள்ளுங்கள். அனுமதித்த நாளைத் தாண்டித் தங்கினால் தாய்லாந்தில் நாளொன்றுக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000 பாட் அபராதம் என்பதோடு, உங்கள் பதிவிலும் அது ஏறிவிடும். வியட்நாமில் 2023 ஆகஸ்டு முதல் 90 நாள் வரையிலான இணைய விசா கிடைக்கிறது. ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். அந்த விசா நீங்கள் படிவத்தில் குறிப்பிட்ட தேதியிலிருந்தே கணக்காகும். நீங்கள் நுழைந்த நாளிலிருந்து அல்ல. எந்த எல்லைச் சாவடி வழியாக நுழைவீர்கள் என்பதையும் படிவத்திலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் இடைத்தரகர் தளங்கள் தேடுபொறியில் முதலில் வந்து நிற்கும். அவற்றில் இரண்டு மூன்று மடங்கு பணம் போகும். லாவோஸுக்கு எல்லையிலேயே 30 நாள் விசா வாங்கலாம். அதற்குக் கறை படாத டாலர் தாள்களும் ஒரு புகைப்படமும் கையில் இருக்க வேண்டும். கம்போடியாவின் சுற்றுலா விசா 30 டாலர், 30 நாள். இந்தோனேசியாவில் வந்திறங்கியதும் 5,00,000 ரூப்பியாவுக்கு 30 நாள் கிடைக்கும். ஒருமுறை மேலும் 30 நாள் நீட்டித்துக்கொள்ளலாம். பாலித் தீவுக்கு மட்டும் 2024 பிப்ரவரி முதல் 1,50,000 ரூப்பியா தனிக் கட்டணம் உண்டு. இவை தவிர, மலேசியாவும் தாய்லாந்தும் வருகைக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் வருகைப் படிவம் நிரப்பச் சொல்கின்றன. இரண்டுமே இலவசம். அதற்குப் பணம் கேட்கும் எந்தத் தளமும் அரசின் தளம் அல்ல.

நீங்கள் அனுப்பிய வரிசையில் ஒரு திருத்தம் செய்ய வேண்டும். தாய்லாந்திலிருந்து கம்போடியாவுக்குத் தரைவழியாகப் போவதாக எழுதியிருந்தீர்கள். இரு நாடுகளுக்கும் இடையே எழுந்த மோதலால் 2025 ஜூனில் அந்த எல்லைச் சாவடிகள் மூடப்பட்டன; ஜூலையில் சண்டையே நடந்தது. திறந்திருக்கும் என்று நம்பி அந்த வழியில் எதையும் அமைக்க வேண்டாம். பருவத்தையும் சேர்த்துப் பார்த்தால் வேறொரு வரிசை பொருந்தி வருகிறது. டிசம்பரில் மலேசியாவின் மேற்குக் கரை. அங்கிருந்து ரயிலில் பாடாங் பெசார் எல்லையைக் கடந்து, ஹாட் யாய் வழியாக ஜனவரியில் தாய்லாந்தின் அந்தமான் கரை. கிராபி, திராங் பகுதிகளில் அப்போது வானம் தெளிந்திருக்கும். ஆனால் தாய்லாந்து வளைகுடாப் பக்கத்துத் தீவான சாமுயியில், நம்மூர் வடகிழக்குப் பருவமழையைப் போலவே, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை கொட்டும். சியாங் மாயை ஜனவரி இறுதிக்குள் பார்த்துவிடுங்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வட தாய்லாந்திலும் லாவோஸின் வடக்கிலும் வயல்களையும் காடுகளையும் எரிக்கும் புகை சூழ்ந்து, மார்ச்சில் மூச்சுவிடவே கடினமாகிவிடும். பிப்ரவரித் தொடக்கத்தில் சியாங் கோங் வழியாக லாவோஸுக்குள் போனால், ஹுவே சாயிலிருந்து லுவாங் பிரபாங் வரை மேகோங் ஆற்றில் இரண்டு நாள் படகுப் பயணம். இடையில் பாக்பெங் கிராமத்தில் ஓர் இரவு. அவசரம் என்றால் 2021 டிசம்பரில் திறந்த லாவோஸ்-சீன ரயில்பாதை லுவாங் பிரபாங்கையும் வியஞ்சானையும் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் இணைக்கிறது. ஆனால் ஆறு மாதம் கையில் இருப்பவர் படகில் போவதுதான் முறை என்பது என் உறுதியான கருத்து.

அங்கிருந்து வியட்நாமின் வடக்கு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சா பா, ஹா ஜியாங் மலைகளில் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்குவது உண்டு. தென்கிழக்காசியா என்றாலே வெயில் என்று நினைத்துப் போகும் நம்மவர்கள் குளிரில் நடுங்குவது இங்கேதான். வியட்நாமியப் புத்தாண்டான தெத், ஜனவரி இறுதிக்கும் பிப்ரவரி நடுவுக்கும் இடையில் வரும். அந்த வாரத்தில் கடைகள் மூடியிருக்கும். ரயில், பேருந்து இருக்கைகள் எல்லாம் முன்பே விற்றுத் தீர்ந்திருக்கும். அந்த ஆண்டின் தேதியைப் பார்த்து, அந்த நாள்களில் ஊர் மாறாமல் ஓரிடத்தில் தங்கியிருங்கள். மார்ச்சில் ஹனோயிலிருந்து தெற்கே இறங்கி, ஹுவே, ஹோய் ஆன் வழியாகச் சைகோன் வரை 1,726 கிலோமீட்டர் நீளும் ரயில்பாதையில் போகலாம். பின்பு மோக் பாய் எல்லை வழியாகக் கம்போடியா. ஏப்ரல் நடுவில் அங்கே கடும் வெயில். ஆனால் நம் சித்திரைப் புத்தாண்டு நாள்களில்தான் கம்போடியாவிலும் லாவோஸிலும் தாய்லாந்திலும் புத்தாண்டு கொண்டாடப்படுகிறது என்பதால், அந்த வெயிலைப் பொறுத்துக்கொண்டு சியம் ரீப்பில் இருப்பது நல்ல அனுபவம். அங்கோர் கோயில்களுக்கு ஒரு நாள் அனுமதிச் சீட்டு 37 டாலர். மூன்று நாளுக்கு 62 டாலர். மூன்று நாள் சீட்டையே வாங்குங்கள். மே மாதத்தில் ஜாவாவிலும் பாலியிலும் மழை ஓய்ந்திருக்கும்.

இந்த வழியில் தமிழர் நின்று பார்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு. மலேசியாவின் கெடா மாநிலத்தில், பழைய இந்து, பௌத்தக் கோயில்களின் இடிபாடுகள் கிடைத்த பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. தென் தாய்லாந்தின் தக்குவா பாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு மணிக்கிராமம் என்ற வணிகர் குழுவையும் அவனிநாரணம் என்ற குளத்தையும் குறிப்பிடுகிறது. நடு வியட்நாமில் சாம் மக்கள் கட்டிய மி சான் சிவாலயங்கள் நிற்கின்றன. கிளம்பும் முன் இவற்றைப் பற்றிக் கொஞ்சம் படித்துவிட்டுப் போனால், அங்கே காணும் ஒவ்வொரு கல்லும் உங்களோடு பேசும்.

உடல்நலத்துக்கு வருவோம். செப்டம்பரிலேயே ஒரு பொது மருத்துவரைச் சந்தித்து, போகும் நாடுகளின் பட்டியலைக் கொடுத்து, தடுப்பூசி அட்டவணை ஒன்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தொண்டை அடைப்பான், தசைவிறைப்பு இரண்டுக்குமான ஊசியைப் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். டைபாய்டுக்கும் கல்லீரல் அழற்சி ஏ வகைக்கும் முதல் ஊசியே நல்ல பாதுகாப்புத் தரும். ஏ வகைக்கு ஆறு மாதம் கழித்து இரண்டாவது ஊசி. கல்லீரல் அழற்சி பி வகையை முன்பு போட்டுக்கொள்ளவில்லை என்றால், தொடக்கத்தில் ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று என மூன்று தவணை. கிராமப்புறங்களில் நீண்ட நாள் தங்குவதாக இருந்தால் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி பற்றியும் கேளுங்கள். தவணைகளுக்கு இடையில் வாரங்களும் மாதங்களும் ஓடுவதால்தான் செப்டம்பர் என்று சொன்னேன்.

ரேபிஸ் எனும் வெறிநோய்க்கு முன்கூட்டியே ஊசி போட்டுக்கொள்வதை நான் வற்புறுத்திச் சொல்வேன். பாலியில் 2008 முதல் இந்நோய் இருக்கிறது. அத்தீவின் உபுத் நகரில் குரங்குகளும், எல்லா நாட்டிலும் தெருநாய்களும் பயணிகளைக் கடிக்கின்றன. நோய்க்குறி தென்பட்ட பின் இதற்கு மருத்துவம் கிடையாது. உலக சுகாதார அமைப்பின் 2018 பரிந்துரைப்படி முன்தடுப்புக்கு ஒரு வார இடைவெளியில் இரண்டு ஊசி போதும். மருத்துவர் மூன்றாவதும் சொன்னால் போட்டுக்கொள்ளுங்கள். அப்படிப் போட்டுக்கொண்டவரை நாய் கடித்தால், காயத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்று ஒன்றும் மூன்றாம் நாள் ஒன்றுமாக இரண்டு ஊசி போட்டால் போதும். முன்கூட்டிப் போடாதவருக்கு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் தேவைப்படும். சிறு தீவுகளிலும் மலைக்கிராமங்களிலும் அது கிடைப்பது அரிது. அந்த மருந்தைத் தேடி ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் படகு பிடித்து ஓடுவதை ஊரில் போடும் இரண்டு ஊசியே தவிர்த்துவிடும்.

டெங்கு பகலில் கடிக்கும் கொசுவால் வருவது. ஆகவே கொசு விரட்டிக் களிம்பைக் காலையிலும் பூசுங்கள். காய்ச்சல் வந்தால், டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை பாரசிட்டமால் தவிர ஆஸ்பிரின், இபுபுரூபன் போன்றவற்றைத் தொட வேண்டாம். அவை இரத்தக்கசிவைக் கூட்டும். வழக்கமாக உண்ணும் மாத்திரை ஏதும் இருந்தால், கடையில் வாங்கிய அதே மாத்திரை அட்டையோடு, மருந்தின் பொதுப்பெயர் எழுதிய மருத்துவர் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். தூக்க மாத்திரைகளுக்கும் கடும் வலி மாத்திரைகளுக்கும் இந்நாடுகளில் கட்டுப்பாடு அதிகம். பல் மருத்துவரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கண்ணாடி அணிபவர் என்றால் இன்னொரு கண்ணாடி கட்டாயம்.

பணத்தைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் எவ்வளவு வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். அந்தப் பணம் உங்கள் கைக்கு எந்த வழியில் வரும் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. எவ்வளவு என்பதற்கு என் மதிப்பீடு: பொதுப் படுக்கை அறையில் தங்கி, தெருக்கடையில் உண்டு, பேருந்திலும் ரயிலிலும் போனால் நாளொன்றுக்கு 2,500 முதல் 3,500 ரூபாய், அதாவது 180 நாளுக்கு நாலரை லட்சம் முதல் 6,30,000 வரை. விமானச் சீட்டு, காப்பீடு, விசாக் கட்டணம் எல்லாம் இதற்கு மேல். இவற்றோடு, எந்த நாட்டிலிருந்தும் உடனே ஊர் திரும்புவதற்காக ஒரு லட்சம் ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டு, அதைத் தொடாமல் வைத்திருங்கள்.

வழி என்பதற்கு வருகிறேன். நம் வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு தொடக்கத்தில் முடக்கப்பட்டே இருக்கும். வங்கிச் செயலியில் போய் அதை நாமே இயக்க வேண்டும். பல அட்டைகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் வரை கூடுதல் கட்டணம் உண்டு. அது இல்லாத அட்டைகளும் இருக்கின்றன, தேடி வாங்குங்கள். குறைந்தது இரண்டு வங்கிகளின் அட்டைகள், வெவ்வேறு அட்டை வலையமைப்பை (வீசா, மாஸ்டர்கார்டு போன்றவை) சேர்ந்தவை, வெவ்வேறு இடத்தில் வைக்கப்பட்டவை என்பது என் விதி. தாய்லாந்தின் ஏடிஎம்களில் ஒருமுறை பணம் எடுக்க 220 பாட் அளவுக்குக் கட்டணம் பிடிப்பதால், சிறுசிறு தொகையாக எடுக்காமல் ஒரே முறையில் எடுங்கள். இயந்திரம் இந்திய ரூபாயில் கணக்கிடவா, உள்ளூர்ப் பணத்தில் கணக்கிடவா என்று கேட்டால் எப்போதும் உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்று அழுத்தினால் மோசமான மாற்று விகிதம் வந்து சேரும். ரொக்கமாகச் சில நூறு டாலர் இருக்கட்டும். கிழிசலோ எழுத்தோ இல்லாத புதுத் தாள்களாகக் கேட்டு வாங்குங்கள்; கம்போடியாவிலும் லாவோஸிலும் சிறு கிழிசல் உள்ள தாளைக்கூட வாங்க மாட்டார்கள்.

இதில் பலரும் கவனிக்காத முடிச்சு, ஒருமுறை கடவுச்சொல் என்னும் ஓடிபி. இந்திய வங்கிகள் அதை உங்கள் இந்திய எண்ணுக்கே அனுப்பும். அந்த எண் வெளிநாட்டில் குறுஞ்செய்தி பெற வேண்டும். அதற்கான சேவையை ஊரிலேயே இயக்கி, சோதித்துப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். தொடர்ந்து 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத எண்ணை நிறுவனம் ரத்து செய்துவிடலாம் என்பதால், ரீசார்ஜ் தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை அந்த எண்ணுக்கு உயிர்கொடுத்து ஒரு செய்தியாவது அனுப்புங்கள். கைப்பேசி திருடுபோனால் என்ன ஆகும் என்று இப்போதே யோசியுங்கள்: அட்டை, செயலி, எண் மூன்றும் ஒரே நேரத்தில் கைவிட்டுப் போகும், புதிய சிம் வாங்க நீங்களே அடையாள அட்டையுடன் இந்தியக் கடைக்கு வர வேண்டியிருக்கும். ஆகவே இந்திய சிம்மை ஒரு பழைய கைப்பேசியில் போட்டுப் பையின் அடியிலும், அந்தந்த நாட்டு சிம்மை அன்றாடக் கைப்பேசியிலும் வைப்பது நல்லது. ஏடிஎம்மில் பணம் எடுக்க ஓடிபி வேண்டியதில்லை, இரகசிய எண் போதும் என்பதால், இரண்டாவது அட்டையின் இரகசிய எண்ணை மனப்பாடம் செய்து வையுங்கள். மின்னஞ்சல் கணக்கின் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி வீட்டில் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.

காப்பீட்டுப் பத்திரத்தின் முதல் பக்கத்தில் உள்ள தொகையைவிட, எதற்கெல்லாம் பணம் தர மாட்டோம் என்று சொல்லும் பக்கங்களே முக்கியமானவை. இந்திய நிறுவனங்களின் பயணக் காப்பீடுகள் பெரும்பாலும் நீங்கள் நாட்டுக்குள் இருக்கும்போதே வாங்கப்பட வேண்டும். பல திட்டங்கள் 180 நாளோடு நின்றுவிடும். மருத்துவச் செலவுக்கு ஒரு லட்சம் டாலரும், நோயாளியை வேறு நாட்டுக்கு விமானத்தில் கொண்டுசெல்லும் செலவும் அடங்கிய திட்டமாகப் பாருங்கள். லாவோஸின் சிறு நகரங்களில் கடும் விபத்து நேர்ந்தால் எல்லை கடந்து தாய்லாந்து மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோவார்கள்.

தென்கிழக்காசியாவில் முதுகுப்பைப் பயணிகளை மருத்துவமனைக்கு அனுப்புவது பெரும்பாலும் வாடகை இருசக்கர வாகனமே. உரிய உரிமம் இல்லாமல் ஓட்டி விழுந்தால் காப்பீட்டு நிறுவனம் ஒரு ரூபாயும் தராது. ஊரில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளலாம், ஓராண்டு செல்லும், உங்கள் இந்திய உரிமத்தில் கியர் உள்ள இருசக்கர வாகனம் இருக்க வேண்டும். ஆனால் இந்தியா தரும் அனுமதி 1949 ஜெனீவா ஒப்பந்தத்தின் கீழ் வருவது. தாய்லாந்து அதை ஏற்கும். வியட்நாம் 1968 வியன்னா ஒப்பந்தத்தை மட்டுமே ஏற்ற நாடு என்பதால் அங்கே அது செல்லாது. ஹா ஜியாங் மலைச் சுற்றுப்பாதையில் வண்டி வாடகைக்குத் தருபவர்கள் எதையும் கேட்காமல் சாவியைக் கொடுப்பார்கள். காவல் சோதனையிலும் விபத்திலும்தான் உண்மை தெரியவரும். அங்கே உள்ளூர் ஓட்டுநரின் பின்னால் உட்கார்ந்து போகும் ஏற்பாடு எளிதாகக் கிடைக்கிறது. அதைத்தான் எடுங்கள், பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டே போகவும் முடியும்.

உணவு பற்றி உங்களுக்குள்ள கவலை நியாயமானது. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் நம் உணவகங்கள் நிறைய இருப்பதால் சிக்கல் இல்லை. எல்லை தாண்டியதும் காய்கறி என்று சொல்லித் தரப்படும் தட்டிலும் மீன்சாறு, இறால் விழுது, எலும்பு வடிசாறு ஆகியவை கலந்திருக்கும். தாய்லாந்தில் 'ஜே' என்று கேளுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துள்ள கடைகளில் மீனும் முட்டையும் பூண்டும்கூடச் சேராத உணவு கிடைக்கும். வியட்நாமில் 'சாய்' என்று பலகை மாட்டிய பௌத்த சைவக் கடைகள் பெரும்பாலான ஊர்களில் உண்டு. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் உள்ளூர் மக்களே அங்கே திரண்டு உண்பார்கள். கடினமான நாடு லாவோஸ். அங்கே படகிலும் மலைக்கிராமத்திலும் ஒட்டரிசிச் சோறும் வாழைப்பழமும் தவிர வேறு இல்லாமல் போகலாம். பருப்புப்பொடியும் ஊறுகாயும் ஒரு சிறு பொட்டலம் வைத்திருங்கள். வீட்டு மசாலாப்பொடியில் கசகசா சேர்ந்திருந்தால் அதை எடுத்துச் செல்ல வேண்டாம். சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். சிங்கப்பூர் வழியாக விமானம் மாறினாலும் சிக்கல் வரும்.

இப்போது பை. அந்த 65 லிட்டர் பையைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள். 40 லிட்டர் போதும். மலிவுக் கட்டண விமானங்களில் கைப்பை எல்லை பெரும்பாலும் 7 கிலோ. பெரிய பை வைத்திருப்பவர் அதை நிரப்பாமல் இருக்க மாட்டார். ஐந்து நாளுக்கான உடை போதும். தாய்லாந்திலும் லாவோஸிலும் கிலோக் கணக்கில் துவைத்துத் தரும் கடைகள் ஏராளம். நம்மூர் மெல்லிய பருத்தித் துண்டும் ஒரு லுங்கியும் எந்த விலையுயர்ந்த பயணத் துண்டையும்விட மேலானவை: சீக்கிரம் உலரும், பொதுப் படுக்கையறையில் திரையாகும், இரவுப் பேருந்தின் குளிரூட்டியில் போர்வையாகும், கோயில்களில் முழங்காலை மறைக்கும். வட வியட்நாமுக்கு ஒரு கம்பளிச் சட்டையும் மழைக்கோட்டும் வேண்டும். பவர் பேங்க் 100 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும், கைப்பையில் மட்டுமே வைக்க வேண்டும். நம் மூன்று உருளைமுனைச் செருகி எங்கும் பொருந்தாது. மலேசியாவுக்குச் சதுரமுனையும் மற்ற நாடுகளுக்கு இருமுனையும் கொண்ட மாற்றி ஒன்று வாங்குங்கள். பையைக் கட்டி முடித்ததும், அக்டோபரில் அதே பையோடு அரசுப் பேருந்துகளில் ஏறி ஒரு வாரம் தென் மாவட்டங்களைச் சுற்றி வாருங்கள். எதை வீட்டில் விட வேண்டும் என்பது தானே தெளியும்.

சென்னை விமான நிலையத்தில் இளைஞர்களிடம், அதுவும் முதல்முறை போகிறவர்களிடம், கேள்வி அதிகம் வரும். முதல் நாட்டிலிருந்து வெளியேறும் பயணச்சீட்டு, முதல் சில நாள் தங்குமிடப் பதிவு, வங்கிக் கணக்கு அறிக்கை, காப்பீடு ஆகியவற்றை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். பத்தாம் வகுப்புத் தேறியவர் கடவுச்சீட்டில் குடியேற்றச் சோதனை (வேலைக்காக வெளிநாடு போகிறவர்களை அரசு சரிபார்ப்பது) தேவையில்லை என்ற நிலை இருக்க வேண்டும். இல்லை என்றால் புதுப்பிக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள். மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா மூன்றும் அந்தச் சோதனைப் பட்டியலில் உள்ள நாடுகள். சுற்றுலா செல்பவருக்கு அது தடையல்ல என்றாலும், வேலைக்குப் போகிறாரோ என்ற ஐயத்தைத் தேவையில்லாமல் எழுப்பும்.

அந்த ஐயத்துக்குக் காரணம் உண்டு. கணினி வேலை, நல்ல சம்பளம் என்று அழைத்துப்போய், மியான்மரின் மியாவாடியிலும் லாவோஸின் தங்க முக்கோணப் பகுதியிலும் கம்போடியாவிலும் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்துவிடுகிறார்கள். சிக்கியவர்களில் தமிழ் இளைஞர்களும் இருந்திருக்கிறார்கள். 2025 மார்ச்சில் மட்டும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் தாய்லாந்தின் மே சோட்டிலிருந்து விமானப்படை விமானங்களில் மீட்டு வரப்பட்டார்கள். கைப்பணம் குறையும் நான்காவது மாதத்தில், விடுதியில் பழகிய ஒருவர் சில வாரம் தட்டச்சு வேலை இருக்கிறது என்று சொன்னால், அது யாராக இருந்தாலும் போக வேண்டாம். சுற்றுலா விசாவில் வேலை செய்வதே குற்றம் என்பது ஒருபுறமிருக்க, எல்லையோர நகரத்துக்குள் கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டு அழைத்துப்போனால் திரும்புவது உங்கள் கையில் இல்லை. பிறருடைய பையை எந்தக் காரணத்துக்காகவும் சுமக்காதீர்கள். தாய்லாந்தில் 2022இல் தளர்த்தப்பட்ட கஞ்சாச் சட்டம் 2025 ஜூனில் மீண்டும் இறுகியது. அதை எல்லை தாண்டிக் கொண்டுபோவது சிங்கப்பூரிலும் இந்தோனேசியாவிலும் மரண தண்டனை வரை செல்லக்கூடியது. நம் நாட்டிலும் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் பல ஆண்டு சிறை.

கடைசியாக வீட்டாருக்குச் செய்ய வேண்டியது. அம்மா ஒப்புக்கொள்ளவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எல்லாம் சரியாக நடக்கும் என்று வாய்ச்சொல்லாகச் சொல்வதைவிட, ஒரு கோப்பை அவர் கையில் கொடுங்கள்: கடவுச்சீட்டு, விசா, காப்பீடு ஆகியவற்றின் நகல், காப்பீட்டு நிறுவனத்தின் அவசர எண், பாங்காக், வியஞ்சான், ஹனோய், புனோம் பென், கோலாலம்பூர், ஜகார்த்தா ஆகிய ஆறு இந்தியத் தூதரகங்களின் தொலைபேசி எண்கள், உத்தேசப் பயண வரிசை. தினமும் பேசுவதாக வாக்களிக்காதீர்கள். படகிலும் மலையிலும் இணைப்பு இல்லாத நாளில் வீடு கலங்கிப்போகும். வாரம் ஒரு குறித்த கிழமையும், ஊர் மாறும் ஒவ்வொரு நாளும் ஒரு செய்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிழமை தாண்டி இரண்டு நாள் தகவல் வராவிட்டால் எந்தத் தூதரகத்தை அழைக்க வேண்டும் என்பதையும் கோப்பின் முதல் தாளில் எழுதிவிடுங்கள். கடவுச்சீட்டு தொலைந்தால் செய்ய வேண்டியதும் அதில் இருக்கட்டும்: உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் எழுதி நகல் வாங்க வேண்டும்; அதோடு தூதரகத்துக்குப் போக வேண்டும்; தூதரகம் தரும் அவசரச் சான்றிதழ் இந்தியா திரும்ப ஒருமுறை மட்டும் பயன்படும்; பயணத்தைத் தொடர விரும்பினால் புதிய கடவுச்சீட்டுக்கு அங்கேயே விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும்; எதுவானாலும் அந்நாட்டுக் குடிநுழைவு அலுவலகத்தில் வெளியேறும் அனுமதியைத் தனியாகப் பெற வேண்டும். இதற்கெல்லாம் தேவைப்படும் என்பதால், வெள்ளைப் பின்னணியில் எடுத்த புகைப்படங்கள் பத்து, கடவுச்சீட்டு நகல் இரண்டு ஆகியவற்றைக் கடவுச்சீட்டு இருக்கும் பையில் வைக்காமல் வேறு பையில் வைத்துக்கொள்ளுங்கள்.